‘அசுரன்’ என்று யாரைச் சொல்வது?

மனிதனின் நாவில் எளிதாக வந்துவிடும் சொற்களுள் சில, மனிதனை ஒத்த, ஆனால் மனிதரல்லாத பிறவிகளைக் குறிப்பவை. உண்ண மறுத்து அழும் குழந்தையிடம் ‘பூதம் வந்துவிடும்’ என்கிறாள் தாய். ஆபத்தில் உதவியவரைப் பார்த்து, ‘தெய்வம் போல் வந்தீர்கள்’ என்று கைகூப்புகிறோம். இனிய குரலைக் கந்தர்வ கானம் என்றும், ஓய்வறியாத உழைப்பை அசுர உழைப்பு என்றும், மலையைக் குடையும் பெரும்பொறியை ராட்சச இயந்திரம் என்றும், விடிய விடியக் கொட்டும் மழையைப் பேய்மழை என்றும் சொல்வது வழக்கம். சிறிய செய்தி பெரிதாகிவிட்டால் அது ‘பூதாகாரமாக’ வளர்ந்துவிட்டது என்பார்கள். வடநாட்டில் இந்தி பேசுவோர் நல்லியல்பு கொண்டவரைத் ‘தேவதா’ என்பர். ஒன்றிலேயே பிடிவாதமாக இருப்பவன் மீது பூதம் ஏறியிருக்கிறது என்பர். வங்காளத்தில் பெரும்பசிக்கு ராக்ஷஸப் பசி என்றே பெயர்.

இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்ற உவமைகள். ஆனால் இதே சொற்கள் சில நேரங்களில் உவமையாக நில்லாமல் முத்திரையாகின்றன. ‘ராட்சசி’ என்று மருமகளையும், ‘பிசாசு’ என்று அடங்காத மாணவனையும், ‘அசுரக் கூட்டம்’ என்று தனக்குப் பிடிக்காத மக்கள் முழுவதையும் சுட்டும்போது, அச்சொல் எதிரில் நிற்பவரின் மனிதத்தன்மையையே மறுக்கிறது. பாரதத்தின் சில கிராமங்களில் இத்தகைய ஒரு சொல் உயிரையே பறித்திருக்கிறது. ஆகவே, இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, சாஸ்திரங்கள் எவரைக் கருதி இவற்றைக் கூறின, நாவில் இவற்றுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பவற்றை ஆராய்வது சாதகனுக்கு இன்றியமையாதது.

சொற்களின் பிறப்பு

அமரசிம்ஹர் இயற்றிய அமரகோசம் என்னும் ஸம்ஸ்கிருத நிகண்டு, வித்யாதரர், அப்ஸரஸ்கள், யக்ஷர், ராக்ஷஸர், கந்தர்வர், கின்னரர், பிசாசர், குஹ்யகர், சித்தர், பூதர் ஆகிய பத்து இனங்களையும் ‘தேவயோனி’ என்ற ஒரே தலைப்பில் அடக்குகிறது. இன்று இன்னிசைக்கு உவமையாகும் கந்தர்வரும், இழிசொல்லாகிவிட்ட பிசாசரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். பிற்காலப் பேச்சு வழக்கே இவர்களை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று இவ்வளவு தொலைவில் பிரித்து வைத்தது.

ஒவ்வொரு சொல்லின் வேரையும் நோக்கினால் வியப்பு மிகுகிறது. ‘தேவ’ என்பது ‘ஒளிர்தல்’ என்னும் பொருளுடைய ‘திவ்’ என்ற வேரிலிருந்து வந்தது. ‘மனுஷ்ய’ என்பது மநுவின் வழி வந்தவன் என்று பொருள்படும். அச்சொல்லுக்கு நிருக்தம் இயற்றிய யாஸ்கர் மற்றொரு விளக்கமும் தருகிறார். எண்ணிப் பார்த்துச் செயல்களைத் தொடுப்பவன் எவனோ அவனே மனிதன் என்பது அதன் கருத்து. எண்ணாமல் செய்பவனுக்கும் எண்ணாமல் பேசுபவனுக்கும் அப்பெயர் முழுமையாகப் பொருந்தாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

‘ராக்ஷஸ’ என்னும் சொல்லைக் கேட்டதும் அழிவே நினைவுக்கு வருகிறது. ஆனால் ராமாயணத்தின் உத்தரகாண்டம் கூறும் வரலாறு வேறு. பிரம்மதேவர் முதலில் நீரைப் படைத்தார். அதைக் காக்கும்படி உயிர்களைப் பணித்தார். அவர்களுள் ‘காப்போம்’ என்றவர்கள் ராக்ஷஸர் ஆயினர். ‘வழிபடுவோம்’ என்றவர்கள் யக்ஷர் ஆயினர். காப்பாற்றுதல் என்னும் பொருளுடைய ‘ரக்ஷ்’ என்ற வேரே ‘ரக்ஷை’, ‘ரக்ஷகன்’ ஆகிய மங்கலச் சொற்களிலும் இருக்கிறது. காக்க வந்தவன் தன் கடமையை மறந்தால் என்ன ஆவான் என்பதை இந்த ஒரு பெயரே உணர்த்தி நிற்கிறது.

‘கின்னர’ என்பதைக் ‘கிம் நர:’ என்று பிரிப்பர். ‘இவன் மனிதனோ?’ என்பது பொருள். மனித உடலும் குதிரை முகமும் கொண்டவர்களாகக் கின்னரர்களைப் புராணங்கள் வருணிக்கின்றன. ‘வானர’ என்ற சொல்லையும் ‘வா நர:’, அதாவது ‘மனிதன்தானோ?’ என்று பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் உண்டு. இவ்விரு பெயர்களும் வினாவாகவே அமைந்திருக்கின்றன. அறியாத ஒருவரைக் கண்டபோது முன்னோர் உடனே தீர்ப்பு வழங்கிவிடாமல் கேள்வி கேட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

‘அசுர’ என்னும் சொல்லின் வரலாறு எல்லாவற்றிலும் விந்தையானது. உயிர்மூச்சைக் குறிக்கும் ‘அஸு’ என்பதனோடு தொடர்புடையதாக அது கருதப்படுகிறது. ரிக்வேதத்தில் வருணன், இந்திரன், அக்னி, ஸவிதா ஆகிய தேவர்களே ‘அசுர’ என்ற அடைமொழியால் போற்றப்படுகின்றனர். ஆற்றல் மிக்க தலைவன் என்பதே அங்கே பொருள். பண்டைய ஈரானியரின் அவெஸ்தாவிலோ ‘அஹுர மஸ்தா’ என்பது பரம்பொருளின் பெயர். ‘தேவ’ என்பதற்கு இணையான ‘தஏவ’ என்ற சொல் தீய சக்திகளைக் குறிக்கிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகளில் இரு சொற்கள் இடம் மாறி அமர்ந்துவிட்டன. பாரதத்திலும் காலப்போக்கில் ‘அசுர’ என்பது தேவர்களின் பகைவரைக் குறிக்கத் தொடங்கியது. பின்னர் அதை ‘அ - சுர’ என்று பிரித்து, சுரர் அல்லாதவர் அசுரர் என்று பொருள் கொண்டனர். தேவரைக் குறிக்கும் ‘சுர’ என்ற சொல்லே இப்பிரிப்பிலிருந்துதான் தோன்றியது என்பது மொழிநூலார் கருத்து.

ஒரே சொல், பல வாழ்வு

காலம் மட்டுமன்றி, இடமும் சொல்லின் பொருளை மாற்றுகிறது. ‘பூதம்’ என்பதன் முதற்பொருள் ‘உண்டானது’, ‘இருப்பது’ என்பதே. நிலம், நீர், தீ, காற்று, வெளி ஆகியவை பஞ்சபூதங்கள். இறந்தகாலம் பூதகாலம். கீதையில் எல்லா உயிர்களையும் குறிக்க இறைவன் பலமுறை எடுத்தாளும் சொல்லும் இதுவே. இந்தியில் ‘பூத்’ என்றால் ஆவி. ஆனால் கர்நாடகத்தின் தட்சிண கன்னட, உடுப்பி மாவட்டங்களில், துளு பேசும் மக்களுக்குப் பூதம் என்பது ஊரைக் காக்கும் தெய்வம். பூத கோலம் நிகழும் இரவில் மக்கள் தங்கள் வழக்குகளை அத்தெய்வத்தின் முன் வைத்து நீதி கேட்கின்றனர். சிலப்பதிகாரம் காட்டும் பூம்புகார்ச் சதுக்கபூதமும் காவல் பூதமே. பொய்ச்சான்று சொல்வோரையும் புறங்கூறுவோரையும் அது தண்டித்தது என்று அக்காவியம் கூறுகிறது. நாவால் பிறரைக் கெடுப்பவர் பூதத்துக்கு அஞ்சவேண்டும் என்பது பண்டைய நம்பிக்கை. இன்றோ நாவால் பிறரைப் ‘பூதம்’ என்று கூறுவது வழக்கமாகிவிட்டது.

யக்ஷரின் நிலையும் அவ்வாறே. கேரளத்து நாட்டுப்புறக் கதைகளில் யக்ஷி என்பவள் இரவில் வழிப்போக்கரை மயக்கிக் கொல்லும் அச்சமூட்டும் உருவம். சமணக் கோயில்களிலோ யக்ஷி தீர்த்தங்கரர்களின் பரிவார தேவதை; அம்பிகா, பத்மாவதி ஆகியோர் அவ்வாறே வணங்கப்படுகின்றனர். 1917-ஆம் ஆண்டு பாட்னாவுக்கு அருகே கங்கைக் கரையில் கிடைத்த திதார்கஞ்ச் யக்ஷியின் சிலை, பாரதச் சிற்பக்கலையின் பெருமைக்குச் சான்றாகப் போற்றப்படுகிறது. புதுதில்லியில் ரிசர்வ் வங்கிக் கட்டிடத்தின் வாயிலில், சிற்பி ராம்கிங்கர் பைஜ் வடித்த யக்ஷனும் யக்ஷியும் காவல் நிற்கின்றனர். செல்வத்தின் அதிபதியான குபேரன் யக்ஷர்களின் அரசன் என்பதே இதற்குக் காரணம். மகாபாரதத்தில் நச்சுப் பொய்கைக் கரையில் யுதிஷ்டிரரைக் கேள்விகளால் சோதித்த யக்ஷன், இறுதியில் தர்மதேவதையாகவே காட்சி தந்தான்.

‘கின்னர்’ என்ற சொல் இந்தி பேசும் பகுதிகளில் இன்று திருநங்கையரைக் குறிக்கிறது. இகழ்ச்சியாக வழங்கிய பழைய சொற்களுக்கு மாற்றாக, தேவலோக இசைவாணரின் பெயரை அவர்கள் தங்களுக்குரியதாக ஏற்றனர். 2019-ஆம் ஆண்டு பிரயாக்ராஜில் நடைபெற்ற கும்பமேளாவில் ‘கின்னர் அகாடா’ என்ற பெயருடனேயே அவர்கள் புனித நீராடினர். ‘இவர் மனிதரோ?’ என்று கேட்ட ஒரு பெயரையே, ‘மனிதர்தாம், அதிலும் மதிப்புக்குரியவர்’ என்னும் விடையாக அவர்கள் மாற்றிக்கொண்டனர்.

பிறப்பா, குணமா?

அசுரத்தன்மையும் ராக்ஷஸத்தன்மையும் பிறப்பினால் வருபவை என்று கொண்டால் புராண இதிகாசங்கள் அனைத்தும் அக்கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஹிரண்யகசிபு தைத்யன், அவன் மகன் பிரஹ்லாதன் பக்தர்களின் முடிமணி. பிரஹ்லாதனின் பேரன் மகாபலியைக் கேரள மக்கள் ஆண்டுதோறும் ஓணத்தன்று தம் அன்புக்குரிய அரசனாக வரவேற்கின்றனர். ராவணன் புலஸ்திய மகரிஷியின் பேரன், வேதம் கற்றவன். அவனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த விபீஷணன் அறத்தின் பக்கம் நின்றான்.

வனத்தில் பிறந்த ராக்ஷஸப் பெண் ஹிடிம்பை பீமசேனனை மணந்தாள். அவள் மகன் கடோத்கசன் பாண்டவர்களுக்காக உயிர் கொடுத்தான். இமாசலப் பிரதேசத்தில் மணாலியின் தேவதாரு மரங்களுக்கிடையே அவளுக்கு 1553-ஆம் ஆண்டு கட்டப்பட்ட மரக்கோயில் இன்றும் இருக்கிறது. குல்லு பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற தசரா விழாவில் அவளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. ஒரு நூலில் ‘ராக்ஷஸி’, ஒரு பள்ளத்தாக்கில் ‘தேவி’. அவள் வாழ்ந்த வாழ்வே இம்மாற்றத்தைச் செய்தது.

கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் பகவான் தம் விபூதிகளை எண்ணிக் கூறும்போது, தைத்யர்களுள் பிரஹ்லாதன் தாமே என்றும், யக்ஷ ராக்ஷஸர்களுள் குபேரன் தாமே என்றும் உரைக்கிறார். இறைவன் தம் ஒளி தங்காத இனம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாறிருக்க, ஒரு மனிதனையோ ஒரு கூட்டத்தையோ முழுவதுமாக இருளென்று ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

திருவள்ளுவரும் கயமை என்னும் அதிகாரத்தில் இதை வேறொரு கோணத்தில் தொடுகிறார். கயவர்கள் உருவத்தால் மக்களைப் போலவே இருக்கிறார்கள். இத்தகைய ஒப்புமையை வேறெங்கும் காண இயலாது என்பது அவர் கருத்து. மனித உருவம் மட்டும் மனிதனை உண்டாக்காது என்றால், அசுரனை உண்டாக்குவதும் உருவமன்று.

பிரஜாபதி தந்த ஓரெழுத்துப் பாடம்

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ஓர் உபதேசம் இங்கே நினைக்கத்தக்கது. தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவரும் பிரஜாபதியின் மக்கள். மூவரும் அவரிடம் மாணவராகத் தங்கிக் கற்றனர். கல்வி முடிந்ததும், ‘எங்களுக்கு உபதேசம் செய்யுங்கள்’ என்று தனித்தனியே வேண்டினர். ஒவ்வொருவருக்கும் அவர் ‘த’ என்னும் ஒரே எழுத்தைக் கூறினார். புலனடக்கத்தைப் பழகுங்கள் என்று தேவர்கள் புரிந்துகொண்டனர். தானம் செய்யுங்கள் என்று மனிதர்கள் புரிந்துகொண்டனர். தயை காட்டுங்கள் என்று அசுரர்கள் புரிந்துகொண்டனர். மூவரிடமும், ‘சரியாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்றே பிரஜாபதி கூறினார்.

இக்கதையில் கவனிக்க வேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது, அசுரர்களும் அதே தந்தையின் மக்கள். அதே குருகுலத்து மாணவர்கள். இரண்டாவது, அவர்களும் தம் குறையைத் தாமே அறிந்திருந்தனர். தயை இல்லாமையே தமது நோய் என்பதை எவரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, அவர்களை எவரும் விரட்டவில்லை. அவர்களுக்கும் உபதேசம் கிடைத்தது.

இப்பகுதிக்கு உரை எழுதும் ஆதி சங்கரர் மேலும் ஒரு படி செல்கிறார். தேவரும் அசுரரும் மனிதர்களுக்கு வேறாக இருக்கவேண்டுவதில்லை. மனிதர்களுக்குள்ளேயே நற்குணங்கள் நிறைந்தும் அடக்கம் குறைந்தவர்கள் தேவர்கள், பேராசை மிகுந்தவர்கள் மனிதர்கள், கொடுமையும் பிறரைத் துன்புறுத்தலும் உடையவர்கள் அசுரர்கள் என்னும் கருத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆதலால் அம்மூன்று உபதேசங்களையும் மனிதர்களே கற்கவேண்டும் என்பது முடிவு. சாந்தோக்ய உபநிஷத உரையிலும், சாஸ்திரத்தால் ஒளிபெற்ற புலன்களின் போக்கே தேவர் என்றும், தன் உயிர் இன்பத்திலேயே திளைக்கும் புலன்களின் போக்கே அசுரர் என்றும் அவர் விளக்குகிறார். தேவாசுரப் போர் ஒவ்வோர் உடலிலும் காலந்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே மனிதன் காலையில் வழிபாட்டில் தேவனாகவும், நண்பகல் வாணிபத்தில் வெறும் மனிதனாகவும், மாலையில் வேலைக்காரரிடம் சீறும்போது அசுரனாகவும் இருக்கக்கூடும். எனவே, இப்பெயர்களைத் தாங்குவது ஆளன்று. அந்தந்த நேரத்து மனநிலையே.

கீதை யாரையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்விக ஸம்பத்தையும் ஆசுர ஸம்பத்தையும் பிரித்துக் கூறுகிறது. போர்க்களத்தின் நடுவே, எதிரில் துரியோதனனும் துச்சாஸனனும் நிற்கும் வேளையில் இந்த உபதேசம் நிகழ்கிறது. ஆனால் ‘இதோ, இவன் அசுரன்’ என்று பகவான் அந்த அத்தியாயத்தில் எவருடைய பெயரையும் கூறவில்லை. அவர் சுட்டும் ஒரே மனிதன் அர்ஜுனன். அவனிடமும், ‘நீ தெய்விக ஸம்பத்துடன் பிறந்தவன், வருந்தாதே’ என்ற ஆறுதலையே அளிக்கிறார். இச்சொற்களைப் பயன்படுத்தும் முறையை இறைவனே இங்கு கற்பிக்கிறார் எனலாம். குணத்தைப் பெயரிட்டுக் கண்டித்தல் வேண்டும். மனிதனுக்கு நம்பிக்கை தரவேண்டும்.

ஆசுர ஸம்பத்தில் அடங்கியவை எவை? பகட்டு, செருக்கு, தற்பெருமை, சினம், கடுமை, அறியாமை ஆகிய ஆறும் 16.4-இல் கூறப்படுகின்றன. இவற்றுள் ‘பாருஷ்யம்’ எனப்படும் கடுமைக்குக் கடுஞ்சொல் என்று பொருள் கூறும் சங்கரர், உதாரணமும் தருகிறார். பார்வை பழுதுற்றவனைக் கண்ணழகன் என்பதும், அழகற்றவனைப் பேரழகன் என்பதும், எளிய குடியில் பிறந்தவனை உயர்குடிப் பிறந்தோன் என்பதும் போன்ற ஏளனப் பேச்சே பாருஷ்யம். உயர்ந்த சொல்லாகவே இருந்தாலும், இகழும் நோக்கோடு பெயர் சூட்டினால் அது ஆசுர குணம். அவ்வாறெனில், இகழ்ச்சியையே பொருளாகக் கொண்ட சொல்லால் ஒருவரை அழைப்பதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? பிறரை ‘அசுரன்’ என்று ஏசும் அந்தக் கணத்தில், அசுரனின் அடையாளங்களுள் ஒன்று ஏசுபவனிடமே வெளிப்பட்டு நிற்கிறது.

தெய்விக ஸம்பத்தின் பட்டியலில் ‘அபைசுனம்’ என்ற குணமும் இடம்பெறுகிறது. பிறர் குற்றத்தை மற்றவரிடம் பரப்பாமை என்பது அதன் பொருள். மேலும், ஆசுர இயல்புடையோரின் எண்ணங்களாகக் கீதை கூறுபவற்றுள் பல ‘நான்’ என்பதையே சுற்றி வருகின்றன. நானே தலைவன், நானே வலியவன், எனக்கு நிகர் யார் என்று அவர்கள் கருதுகிறார்கள். ‘அவன் அசுரன்’ என்னும் தீர்ப்புக்கு அடியிலும், ‘நான் அப்படிப்பட்டவன் அல்லன்’ என்ற அதே அகந்தை ஒளிந்திருப்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம்.

சொல் கொல்லும் இடம்

இவை யாவும் நுட்பமான தத்துவ விசாரணை மட்டுமே என்று கருதுவோர், ‘டாயன்’ என்ற சொல்லின் வரலாற்றை அறியவேண்டும். இது ஸம்ஸ்கிருத ‘டாகினி’ என்பதன் திரிபு. லலிதா ஸஹஸ்ரநாமம், கண்டத்திலுள்ள விசுத்தி சக்கரத்தில் உறையும் தேவியை ‘டாகினீச்வரி’ என்று போற்றுகிறது. திபெத்திய பௌத்தர்கள் டாகினியை ஞானம் அருளும் தேவதையாக வணங்குகின்றனர். அதே சொல் ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களின் கிராமங்களில் சூனியக்காரி என்ற பொருளில் பெண்கள் மீது வீசப்படுகிறது. ஊரில் ஒரு குழந்தை நோயுறுகிறது, மாடு இறக்கிறது, விளைச்சல் பொய்க்கிறது. மந்திரவாதி ஒருவன் ஏதேனும் ஒரு பெண்ணைச் சுட்டுகிறான். பெரும்பாலும் அவள் கைம்பெண்ணாகவோ, துணையற்ற முதியவளாகவோ, சிறிது நிலத்துக்கு உரியவளாகவோ இருப்பாள். அதன்பின் அவள் பெயர் மறைந்துவிடுகிறது. ‘டாயன்’ என்ற சொல் மட்டும் எஞ்சுகிறது. மனிதப் பெண்ணுக்குச் செய்யக் கூசும் கொடுமைகளை எல்லாம் அச்சொல்லுக்குச் செய்ய ஊரார் கூசுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் கொலைக்கான காரணங்களுள் ஒன்றாகச் ‘சூனியம்’ இன்னும் இடம்பெற்று வருகிறது.

ஜார்க்கண்டின் சராய்கேலா - கர்சாவான் மாவட்டத்தைச் சேர்ந்த சுட்னி தேவி அவ்வாறு சுட்டப்பட்டவர். 1995-ஆம் ஆண்டு பக்கத்து வீட்டுச் சிறுமி நோயுற்றபோது பழி அவர் மீது விழுந்தது. சித்திரவதைக்கு உள்ளாகி, ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர் தம் துயரத்தைப் பகையாக வளர்க்கவில்லை. தம்மைப் போல் முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தருவதையே வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார்.

அஸ்ஸாமின் கோவால்பாரா மாவட்டத்துப் பீருபாலா ராபாவின் வரலாறும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 1980-களில் மனநலம் குன்றிய அவருடைய மகனைத் தேவகன்னி ஒருத்தி பற்றியிருப்பதாகவும், அவன் மூன்று நாட்களில் இறந்துவிடுவான் என்றும் ஒரு நாட்டு வைத்தியன் கூறினான். மூன்று நாட்கள் கடந்தன, மகன் இறக்கவில்லை. அன்று அத்தாயின் உள்ளத்தில் எழுந்த கேள்வி, பின்னர் பல பெண்களைச் சாவிலிருந்து மீட்ட இயக்கமாக வளர்ந்தது. இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பீருபாலா ராபா 2024-ஆம் ஆண்டு மறைந்தார்.

பீகார் அரசு 1999-இல் இக்கொடுமைக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. 2001-இல் ஜார்க்கண்ட் அதை ஏற்றது. சத்தீஸ்கர் 2005-இலும், ஒடிசா 2013-இலும், ராஜஸ்தானும் அஸ்ஸாமும் 2015-இலும் சட்டங்களை இயற்றின. பீகார் சட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு பெண்ணை அடித்தால்தான் குற்றம் என்றில்லை. அவளை ‘டாயன்’ என்று அடையாளம் காட்டுவதே தண்டனைக்குரிய குற்றம். கை ஓங்குவதற்கு முன்பே நாவில் வன்முறை தொடங்கிவிடுகிறது என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. ஜார்க்கண்டின் கும்லா, லாதேஹார், லோஹர்தகா மாவட்டங்களில் ‘அசுர்’ என்ற பெயருடைய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். கல்லிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் தொழில் அவர்களுடைய மரபுச் செல்வம். முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்களுடைய மொழியை, மறையும் அபாயத்தில் உள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிட்டுள்ளது. அவர்களுக்கு அப்பெயர் முன்னோர் விட்டுச்சென்ற அடையாளம். பிறர் வாயில் வசையாகும் ஒரு சொல், அங்கே ஒரு குழந்தையின் பள்ளிப் பதிவேட்டில் பெயரோடு சேர்ந்து வருகிறது. ‘அசுரர்கள் எல்லோரும் தீயவர்கள்’ என்று எண்ணாமல் கூறுபவர், அக்குழந்தையின் காதிலும் அச்சொல் விழும் என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

நாவுக்கு ஒரு நியமம்

அப்படியானால் தீமையைத் தீமை என்று சொல்லக்கூடாதா என்ற ஐயம் எழலாம். சொல்லவேண்டும். பிறர் மனைவியைக் கவர்ந்த ராவணனின் செயலை வால்மீகி மறைக்கவில்லை. ஸ்ரீராமர் அவனை எதிர்க்காமலும் இல்லை. ஆனால் ராவணன் வீழ்ந்தபின், அவனுக்கு ஈமக்கடன் செய்ய விபீஷணன் தயங்கியபோது ஸ்ரீராமர் கூறியது என்ன? பகை மரணத்தோடு முடிந்தது. அவனுக்குரிய கிரியைகளைச் செய். உனக்கு அவன் எத்தகைய உறவோ, எனக்கும் அத்தகையவனே என்பது அவர் வாக்கின் கருத்து. அதர்மத்தை எதிர்த்த உறுதியும், அதர்மம் செய்தவனை உறவாக ஏற்ற கருணையும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

கீதை 17.15-இல் வாக்கினால் செய்யும் தவம் விளக்கப்படுகிறது. பிறரைக் கலக்காதது, உண்மையானது, இனியது, நன்மை பயப்பது என்பவை அதன் இலக்கணங்கள். மனிதரல்லாத பிறவிகளின் பெயர் நாவில் எழும்போது இந்த நான்கையும் உரைகல்லாகக் கொள்ளலாம். மழையைப் பேய்மழை என்பதும், உழைப்பை அசுர உழைப்பு என்பதும் எவரையும் கலக்குவதில்லை. உதவியவரைத் தெய்வம் என்பது இனியது. ஆனால் ஒரு பெண்ணையோ குழந்தையோ இனத்தையோ ‘பேய்’, ‘ராட்சசி’, ‘அசுரர்’ என்று கூறுவது நான்கு சோதனைகளிலும் தோற்றுப்போகிறது. அது கலக்குகிறது, உண்மையும் அன்று, இனியதும் அன்று, நன்மை தருவதும் இல்லை.

அத்தகைய சொல் எழும்போது சாதகன் அதன் இடத்தில் செயலைச் சொல்லப் பழகலாம். ‘இவன் பிசாசு’ என்பதற்கு மாறாக, ‘இவன் இன்று தம்பியை அடித்தான்’ என்று கூறினால் திருத்துவதற்கு வழி பிறக்கிறது. செயலைத் திருத்த முடியும். பிசாசைத் திருத்துவது எப்படி? பெயரிட்டவுடன் திருத்தும் கடமையையும் கைவிட்டுவிடுகிறோம் என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு. நாள்தோறும் ‘பிசாசு’ என்று அழைக்கப்படும் குழந்தை, தன்னைப் பற்றிப் பெரியோர் சொல்வதை நம்பிவிடுகிறது.

‘அசுரன்’ என்ற சொல்லைச் சாஸ்திரம் கண்ணாடியாகவே தந்தது. பிரஜாபதியின் முன் நின்ற அசுரர்கள், ‘த’ என்ற ஓசையைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. தம் உள்ளத்தைப் பார்த்தனர். ‘எங்களுக்குத் தயை வேண்டும்’ என்று அறிந்தனர். அவ்வாறு தன்னைப் பார்க்கும்போது அச்சொல் மருந்தாகிறது. பக்தனின் முதல் இலக்கணமாகக் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் கூறுவது, எல்லாப் பூதங்களிடத்தும் பகையின்மையே. அங்கே ‘பூதம்’ என்பது அஞ்சி விலக்கவேண்டிய உருவமன்று. பக்கத்து வீட்டார், பணியாளர், பிடிக்காத உறவினர், அறியாத அயலார் ஆகிய ஒவ்வோர் உயிரும் அச்சொல்லில் அடக்கம்.

சிந்தனைக்கு

1. வீட்டிலும் பணியிடத்திலும் அடிக்கடி வழங்கும் இத்தகைய சொற்கள் எவை? அவற்றுள் உவமை எது, முத்திரை எது?

2. தேவர்க்கு அடக்கமும், மனிதர்க்கு தானமும், அசுரர்க்கு தயையும் மருந்தாகக் கூறப்பட்டன. இன்றைய நாளில் இம்மூன்றுள் எது மிகுதியாகத் தேவைப்பட்டது?

3. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் பகவான் எவரையும் பெயர் கூறி அசுரன் என்னாதது எதைக் கற்பிக்கிறது?

4. ஒரு குழந்தையைக் கண்டிக்க நேரும்போது, பெயர் சூட்டாமல் செயலை மட்டும் கூறிக் கண்டிப்பது எவ்வாறு? ஒரு வாரம் பழகி, அதன் பயனைக் குறித்துவைக்கலாம்.